புட்டியின் தலையெழுத்தை யார் எழுதுவது? பாலக்காடு, இடுக்கி எல்லையில் ஒயின் லேபிள் சட்டங்கள்

ஒயின் புட்டியில் ஒட்டிய லேபிள் யார் சார்பில் பேச வேண்டும்? வரி வாங்கும் அரசின் சார்பிலா, குடிப்பவர் சார்பிலா, பழம் விளைவித்தவர் சார்பிலா? ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் தேடி வருகிறார்கள். கேரளத்து விவசாயிக்கு இது கைக்கு எட்டிய கேள்வியானது 2022இல்தான். மாநிலத்தின் விளைபொருள்களிலிருந்து தோட்டக்கலை ஒயின் தயாரிக்க வழிசெய்யும் ‘கேரளச் சிறு ஒயின் ஆலை விதிகள்’ அந்த ஆண்டு வந்தன. தானியம் தவிர்த்து, பழங்களையும் பிற விளைபொருள்களையும் புளிக்கவைத்து விற்கச் சிறு உற்பத்தியாளருக்கு அவை உரிமம் தருகின்றன.

விதிகளின் பெயரிலேயே ‘கேரள விளைபொருள்’ என்ற நிபந்தனை இருக்கிறது. மாநிலத்தின் நடுவில் இருக்கும் ஆலைக்கு இது பெரிய சிக்கலாகாமல் போகலாம். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, இடுக்கியின் குமுளி, மறையூர், காந்தளூர் போன்ற எல்லையோர ஊர்களில் நிலைமை வேறு. அங்கே பழமும் வேலையாளும் சந்தையும் நாள்தோறும் சோதனைச்சாவடியைத் தாண்டுகின்றன. லேபிள் பற்றிய பழைய வாதங்கள் எவை, அவை இந்த எல்லைக்கு வரும்போது எங்கே இடறுகின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

வரிச்சீட்டாக லேபிள்

முதல் தரப்பு, மதுவை வருவாயாகப் பார்க்கும் தரப்பு. இதன் பார்வையில், புட்டிக்குள் இருப்பது கணக்கில் வந்த சரக்கு, அதற்குத் தீர்வை கட்டியாகிவிட்டது என்று காட்டுவதே லேபிளின் முதல் வேலை.

இன்றைய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் ஒரு காலத்தில் மூன்று ஆட்சிகளில் பிரிந்து கிடந்தன. பாலக்காடு மலபாரின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. பக்கத்திலேயே இருந்த சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அப்காரிச் (மதுத் தீர்வை) சட்டம். கொல்லம் ஆண்டு 1077இல் கொச்சியில் இயற்றப்பட்ட சட்டம்தான் பின்னர் திருத்தப்பட்டு, 1967இல் கேரளம் முழுமைக்கும் விரிந்தது. எல்லைக்கு இந்தப்புறம், தமிழ்நாட்டில், இன்றும் அடிப்படையாக நிற்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். மதுக்கடைகளை அரசே நடத்துகிற மாநிலத்தில், அந்த விற்பனைக்கான விதிகள் ஒரு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் பிறந்திருப்பது இத்துறையின் பழைய முரண்.

அரசமைப்புச் சட்டம் போதை தரும் மதுவை மாநிலப் பட்டியலில் வைத்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹாலும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்து மாநிலங்களின் கையை மேலும் வலுப்படுத்தியது. மது வணிகம் அடிப்படை உரிமை ஆகாது என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் முன்பே முடிவாகியிருந்தது. ஆகவே ஒரு மாநிலத்தில் ஒப்புதல் பெற்ற லேபிள் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது. கேரளத்தில் மொத்த விற்பனை 1984இல் தொடங்கிய மாநில பெவரேஜஸ் கழகத்தின் கையில். தமிழ்நாட்டில் அது 1983இல் தொடங்கிய டாஸ்மாக்கின் கையில். எல்லையில் வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டும் புட்டிக்குப் புதிய பதிவும், புதிய பாதுகாப்பு வில்லையும், புதிய எச்சரிக்கை வாசகமும் தேவைப்படும்.

இந்தத் தரப்பின் வலு, கள்ளச்சரக்கைத் தடுப்பதில் அதற்குள்ள அனுபவம். குறை, தொட்டிக்குள் எவ்வளவு போனது, எவ்வளவு வெளியே வந்தது என்பதில் காட்டும் அக்கறையை உள்ளே போன பழம் எது என்பதில் காட்டாதது. பேரளவு வடிசாலைக்கென எழுந்த முறை இது. பருவத்துக்குச் சில நூறு லிட்டர் தயாரிப்பவர் மீது அதே சுமையை ஏற்றும்போது பொருத்தம் குலைகிறது.

எத்தனை அலுவலகம், எத்தனை கையெழுத்து

ஒயின் தொழிலில் இறங்கும் ஒருவர், லேபிளுக்கு ஒரே இடத்தில் ஒப்புதல் கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாறுவார். உரிமமும் லேபிள் பதிவும் கலால் துறையிடம். உணவுப் பாதுகாப்பு உரிமம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயிடம். அதன் பதினான்கு இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மதுவையும் உணவு என்றே வரையறுப்பதால் இந்த இரட்டை ஆளுகை. அளவு, தயாரிப்பாளர் முகவரி, நுகர்வோர் தொடர்பு ஆகியவை 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின் கீழ் எடையளவுத் துறையிடம். பிராண்டு பெயரின் பாதுகாப்பு வணிகக்குறிப் பதிவகத்திடம். கழிவுநீர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம்.

இவை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும் இடங்களும் உண்டு. சில்லறை விலையை அச்சிடுவதில் மதுவுக்கு மட்டும் மாநிலக் கலால் சட்டமே முதலில் பொருந்தும். அதில் ஏற்பாடு இல்லாவிட்டால்தான் மத்திய விதி வரும். எஃப்எஸ்எஸ்ஏஐ பொதுவாக லேபிளை முன்கூட்டிப் பார்த்து ஒப்புவதில்லை. உரிமம் தருகிறது, பிறகு சந்தையில் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் ஒரு கூட்டாட்சி அலுவலகமே லேபிளைப் பார்த்துச் சான்று தருகிறது. இந்தியாவில் முன் ஒப்புதல் மாநிலத்திடமும், உள்ளடக்க விதி மத்தியிடமும் இருக்கின்றன. கலால் அலுவலகம் ஒப்பிய லேபிளில் உணவுச் சட்டப்படி பிழை இருக்க வாய்ப்புண்டு. அப்போது ஒப்புதல் வாங்கியிருந்தேன் என்ற வாதம் தயாரிப்பாளரை எவ்வளவு தூரம் காக்கும் என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

எச்சரிக்கையாக லேபிள்

இரண்டாவது தரப்பு உடல்நலத் தரப்பு. அரசமைப்பின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கி முயலுமாறு அரசைப் பணிக்கிறது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், தீங்கற்றது என்று சொல்லத்தக்க மது அளவு ஏதும் இல்லை என்று அறிவித்தது. புற்றுநோய் எச்சரிக்கையை லேபிளில் கட்டாயமாக்கும் சட்டத்தை அயர்லாந்து அதே ஆண்டில் கொண்டுவந்தது. பின்னர் அதன் அமலை 2028க்குத் தள்ளிவைத்தது. வணிக நலனும் நல எச்சரிக்கையும் மோதும்போது காலக்கெடு எப்படி நீள்கிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இந்தியாவில் 2018இல் அறிவிக்கப்பட்ட மதுபான ஒழுங்குமுறைகள், 2019 ஏப்ரல் முதல், மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர் என்ற எச்சரிக்கையைக் கட்டாயமாக்கின. பெரிய புட்டிகளில் எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஊட்டச்சத்து விவரமோ உடல்நலப் பயனோ லேபிளில் கூறக்கூடாது. 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தைப் போதையற்றது என்று அழைக்கவும் தடை. நெல்லிக்காய் ஒயினை மருந்துபோலவும் மாதுளை ஒயினை இரத்தவிருத்தியாகவும் விற்க நினைப்பவருக்கு இங்கேயே வழி அடைபடுகிறது.

எல்லையில் இந்தத் தரப்பு இடறுவது மொழியில். எச்சரிக்கை ஆங்கிலத்திலோ மாநிலத்தின் வட்டார மொழியிலோ இருக்கலாம் என்பது விதி. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் சித்தூர் வட்டத்தின் கிழக்கிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினர். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழரை மொழிச் சிறுபான்மையினராக ஏற்றிருக்கிறது. ஆனால் அரசு அலுவலகத்துக் கடிதத்தில் கிடைக்கும் அந்த ஏற்பு புட்டி வரை வந்து சேரவில்லை. எச்சரிக்கை உடல்நலத்துக்கானது என்றால், அது மாநிலத்தின் மொழியைவிட வாங்குபவரின் மொழியைத்தானே பின்பற்ற வேண்டும்? விதி எழுதியவர்கள் மாநிலத்தை ஒருமொழி நிலமாகக் கொண்டதன் விளைவு இது.

உள்ளடக்கச் சீட்டாக லேபிள்

மூன்றாவது தரப்பு நுகர்வோர் தரப்பு. மற்ற உணவுக்கெல்லாம் மூலப்பொருள் பட்டியல் உண்டு, ஒயினுக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேட்பது. ஐரோப்பிய ஒன்றியம் நெடுங்காலம் அந்த விலக்கைக் காத்தது. 2021இல் இயற்றிய ஒழுங்குமுறையால், 2023 டிசம்பர் 8 முதல் மூலப்பொருளும் ஊட்டச்சத்தும் தெரிவிக்கப்பட வேண்டும் என்றானது. விவரத்தின் பெரும்பகுதியை க்யூஆர் குறி வழியாகத் தரலாம் என்ற சலுகையும் கூடவே வந்தது. அங்கே ஊட்டச்சத்து கட்டாயம், இங்கே அதற்குத் தடை. இரண்டுமே நுகர்வோரைக் காக்கத்தான் என்று சொல்லப்படுகின்றன. கலோரி எண்ணை அச்சிட்டால் மதுவைச் சத்துணவாக எண்ணிவிடுவார்கள் என்ற அச்சமும், அச்சிடாவிட்டால் உடலுக்குள் போவது தெரியாது என்ற அச்சமும் ஒருங்கே நியாயமானவை.

இந்திய விதி ஒயினுக்கெனத் தனியே கேட்பவை: ஆல்கஹால் சதவீதம், சர்க்கரை நிலை, எஞ்சியிருக்கும் பதனப்பொருள், பயன்படுத்திய திராட்சை வகை அல்லது பழத்தின் பெயர் அளவின் இறங்குவரிசையில், பிறப்பிடம். பதனப்பொருளான சல்பைட்டு ஒவ்வாமைப் பொருளாகவும் கருதப்படுகிறது.

பழ ஒயினில் இந்தத் தரப்பின் கேள்வி கூர்மையாகிறது. பெக்டின் மிகுந்த பழக்கூழைப் புளிக்கவைக்கும்போது சிறிதளவு மெத்தனால் உண்டாகும். வாழைச் சாற்றைத் தெளியவைக்க நொதி சேர்க்கிறார்கள். முந்திரிப்பழச் சாற்றின் துவர்ப்பை நீக்க ஜவ்வரிசிக் கஞ்சி ஊற்றுவது கேரளத்தில் அறிந்த முறை. ஆல்கஹால் அளவும் சல்பைட்டும் சிறு ஆய்வகத்திலேயே அளக்கக்கூடியவை. மெத்தனாலுக்கு அதைவிடத் தேர்ந்த கருவி வேண்டும். காந்தளூரில் தொடங்கும் சிறு ஆலை ஒவ்வொரு தொகுதியையும் மலையிறக்கி அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதைச் சொல்லாமல் சோதனையை மட்டும் கட்டாயமாக்குவது இத்தரப்பின் வழக்கமான குறை.

பிறப்பிடச் சான்றாக லேபிள்

நான்காவது தரப்பு மண்ணின் பெயரைக் காக்கிறது. 1756இல் போர்ச்சுகலின் பொம்பால் பிரபு டோரோ பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்தார். வெளியூர்த் திராட்சையில் ஷாம்பெயின் செய்கிறார்கள் என்று 1911இல் அந்தப் பகுதி விவசாயிகள் கலவரத்தில் இறங்கினார்கள். 1935இல் பிரான்சு பிறப்பிடப் பெயருக்கு முழுச் சட்டம் இயற்றியது. 1995இல் உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் ஒயினுக்கும் வடிமதுவுக்கும் மட்டும் மற்றப் பொருள்களைவிடக் கடுமையான பாதுகாப்பை அளித்தது. இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் அதன் வழி வந்தது. கோவாவின் ஃபெனி 2009இல் அக்குறியீட்டைப் பெற்றது.

நம் எல்லையிலும் இந்தப் பெயர்கள் குவிந்திருக்கின்றன. குமுளிக்குக் கீழே, மலைச்சாலை இறங்கியதும் வரும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023இல் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் வகையான அது ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது. மேலே மறையூர்ச் சர்க்கரை (வெல்லம்) 2019இலும், இடுக்கிக்கு மேற்கே வாழக்குளம் அன்னாசி 2009இலும் பெற்றன. குமுளியில் ஆலை வைப்பவருக்கு மிக அருகில், மிக எளிதில் கிடைக்கும் திராட்சை கம்பத்துத் திராட்சை. கேரளச் சிறு ஆலை விதிகளின் பெயரோ கேரள விளைபொருளைக் குறிக்கிறது. அருகிலுள்ள தோட்டம் அந்நியமாகவும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் காசர்கோட்டில் விளைவது உள்ளூராகவும் ஆகிவிடுகிறது. பிறப்பிடக் கொள்கையின் அடிப்படை மண்ணும் காற்றும் மழையும். நிர்வாக எல்லையை அதன் இடத்தில் வைத்தால் கொள்கையின் உயிர்நாடி தளர்கிறது.

இத்தரப்பின் இன்னொரு பலவீனம் மெய்ப்பித்தல். ஒரு வகையின் பெயரையோ இடத்தின் பெயரையோ உரிமை கொண்டாட, ஒயினில் குறைந்தது 75 சதவீதம் அதிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறது இந்திய விதி. அமெரிக்காவில் வகைப் பெயருக்கு அதே 75, ஐரோப்பாவில் 85. அங்கெல்லாம் தோட்டப் பதிவேடும் அறுவடை அறிவிப்பும் எண்ணுக்கு முட்டுக் கொடுக்கின்றன. பாலக்காட்டின் முதலமடை மாம்பழமும் எல்லை தாண்டி வந்த மாம்பழமும் ஒரே மண்டியில் கலக்கும் இடத்தில், இந்த எண்ணைத் தாங்க வேண்டிய பதிவேடு எது?

சர்க்கரை யாருடைய கணக்கில்?

பழ ஒயினுக்கு 75 சதவீத விதியைப் பொருத்தும்போது, திராட்சை நாடுகள் அதிகம் எண்ணிப்பார்க்கத் தேவையில்லாத ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 12 சதவீத ஒயினுக்கு 200 கிராமை ஒட்டித் தேவை. ஒயினுக்கென்றே வளர்க்கும் திராட்சை அதைத் தானே தந்துவிடும். அன்னாசிச் சாற்றில் இருப்பதோ 120 முதல் 140 கிராம் வரை. மீதியை வெளியிலிருந்து சர்க்கரையாகச் சேர்க்க வேண்டும். அப்படியானால் புட்டியில் உள்ள ஆல்கஹாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கரும்பினுடையது.

லேபிள் அன்னாசி ஒயின் என்கிறது. பழங்களில் அன்னாசி மட்டுமே இருப்பதால் அது பொய்யல்ல. ஆனால் 75 சதவீதத்தைப் பழத்தின் எடையில் அளப்பதா, புளித்த சர்க்கரையில் அளப்பதா என்பதைப் பொறுத்து விடை மாறும். கேரள அன்னாசியோடு வெளிமாநில ஆலைச் சர்க்கரை சேர்ந்தால் அது எந்த அளவுக்குக் கேரள ஒயின்? மறையூர்ச் சர்க்கரையைச் சேர்த்தால் பிறப்பிட உரிமை வலுப்படுமா, அல்லது இன்னொருவருடைய குறியீட்டைக் கடன் வாங்கியதாகுமா? திராட்சையை மனத்தில் வைத்து எழுதிய விதியில் பழத்தையும் சேர்த்துக்கொண்டதால் வந்த இடைவெளி இது. முதல் மூன்று தரப்பில் எதுவும் இதை நேராகத் தொடவில்லை. நான்காவது தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

தளர்த்தச் சொல்வோரும் தயங்குவோரும்

ஐந்தாவது தரப்பு உற்பத்தியாளர் தரப்பு. மகாராஷ்டிரம் 2001இலும் கர்நாடகம் 2007இலும் திராட்சை, ஒயின் கொள்கை வகுத்து விவசாயியை ஆலைக்குள் அழைத்தன. கேரளத்தில் 2019 கிறிஸ்துமஸுக்கு முன், வீட்டில் ஒயின் செய்வதும் அப்காரிக் குற்றமே என்று கலால் துறை நினைவூட்டியபோது எழுந்த சலசலப்பு, பரவலான ஒரு பழக்கத்துக்கும் சட்டத்துக்கும் இருந்த தூரத்தைக் காட்டியது. 2022 விதிகள் அந்தத் தூரத்தைக் குறைக்கும் முயற்சி எனலாம். பாரதப்புழையின் மறுபெயரான ‘நிளா’ என்ற பெயரில் முந்திரிப்பழம், வாழை, அன்னாசி ஒயின்களைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியதும் இந்த வரிசையில் வருவதே.

இத்தரப்பின் வாதம் எளிது. பருவத்தில் வீணாகும் பழத்துக்கு விலை கிடைக்கும். மது விளம்பரத்துக்குத் தடை உள்ள நாட்டில் லேபிள் ஒன்றே சிறு உற்பத்தியாளரின் வாய். அதையும் அரசு வாசகங்களால் நிரப்பிவிட்டால் அவர் தன் தோட்டத்தைப் பற்றிப் பேச இடமில்லை. எதிர்வாதமும் எளிது. சிறியவருக்கெனத் திறக்கும் வாசலில் பெரியவர் நுழையலாம். 2025 ஜனவரியில் பாலக்காட்டின் எலப்புள்ளியில் எத்தனால், மது, பீர், ஒயின் ஆகியவற்றை உள்ளடக்கிய பெருந்திட்டம் ஒன்றுக்கு மாநில அமைச்சரவை தொடக்க அனுமதி அளித்தபோது, நிலத்தடி நீரை முன்வைத்துப் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. தோட்டத்து ஒயினும் பேரளவு ஆலையும் வேறு வேறு என்றாலும், சாதாரண மக்களின் பேச்சில் இரண்டும் ஒரே பெயரில்தான் அடிபடுகின்றன.

சித்தூரின் தென்னங்கள் இன்னொரு வகையில் இந்த வாதத்தைச் சோதிக்கிறது. மாநிலத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் அங்கிருந்து நாள்தோறும் வண்டியில் போகிறது. அதற்கும் உரிமமும் அனுமதிச் சீட்டும் உண்டு. கடையில் குடிப்பவர் கையில் எந்த லேபிளும் இல்லை. லேபிள் இல்லாமலும் ஒரு மதுவை ஒழுங்குபடுத்த முடியும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. கலப்படப் புகார்களைக் காட்டி, முடியாது என்போரும் உண்டு.

தீர்ந்தவையும் தீராதவையும்

இத்தனை தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சமமின்மை புலப்படுகிறது. தீர்வை கட்டியாயிற்றா, ஆல்கஹால் எவ்வளவு, சல்பைட்டு உண்டா, எச்சரிக்கை இருக்கிறதா ஆகிய கேள்விகளுக்கு இந்திய விதிகள் ஓரளவு தெளிவான விடை வைத்திருக்கின்றன. அவற்றைக் காகிதத்திலோ ஆய்வகத்திலோ சரிபார்க்கவும் முடியும். சிறு ஆலை பெரிய ஆலையோடு போட்டியிடக் கையில் வைத்திருக்கும் ஒரே சரக்கு அதன் ஊர்ப்பெயர். ஒப்புதல் முறை மிகவும் பலவீனமாக இருப்பதும் அங்கேதான். கலால் அலுவலகம் லேபிளைப் பார்க்கிறது, ஆய்வகம் திரவத்தைப் பார்க்கிறது, தோட்டத்தைப் பார்க்க இந்த வரிசையில் உறுதியான பொறுப்பாளர் இல்லை.

ஊராட்சி தோறும் இருக்கும் வேளாண் அலுவலகங்களான கிருஷி பவன்களின் விளைச்சல் பதிவை லேபிள் விண்ணப்பத்தோடு இணைப்பது, பழத்துக்கும் சேர்த்த சர்க்கரைக்கும் தனித்தனிக் கணக்கு கேட்பது, எல்லை வட்டங்களில் எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சிடச் சொல்வது ஆகியவை பெருஞ்செலவில்லாத வழிகளாகத் தோன்றுகின்றன. இவை சிறியவரின் சுமையைக் கூட்டிவிடாமல் நடக்குமா என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். கம்பத்துத் திராட்சை இடுக்கியில் ஒயினாவதற்கு வழி வேண்டுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. அதற்கு இரு மாநிலங்களின் கலால் சட்டங்கள் ஒன்றையொன்று ஏற்க வேண்டும். மாநிலப் பட்டியல் தரும் அதிகாரத்தை மாநிலங்கள் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதால், விரைவில் விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. பிறப்பிடத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதையாவது முதலில் முடிவு செய்தால், மற்ற வாதங்கள் உறுதியான தரையில் நின்று நடக்கும்.